பழைய எண் 212

என் அண்ணியைப் பற்றிச் சொல்லச் சொன்னால் முதலில் அவளுடைய குறைகள்தான் என் வாயில் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. உறவில் நான் நாத்தனார், உத்தியோகத்தில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. "உனக்குன்னே செஞ்ச வேலை" என்று அண்ணியே சொல்லியிருக்கிறாள். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

கல்யாணமாகி நாலாம் வருஷம் ஒரு பெட்டியோடு நான் திரும்பி வந்தபோது, அண்ணன் வாசலிலேயே நிறுத்தி ஏன், எதற்கு என்று ஆரம்பித்தான். அண்ணி பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டாள். மேலே இருந்த ஒற்றை அறையில் துணி காயப்போட்டிருந்த கொடியை அவிழ்த்தாள், ஜன்னலைத் துடைத்தாள், "குழாயில தண்ணி கொஞ்சம் மெதுவாத்தான் வரும், பொறுத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான். இன்றுவரை ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குக் கைம்மாறாக ஒன்பது வருஷம் நான் அவள் போடுகிற டீயில் சர்க்கரை அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணிக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்துநாலு வயதில் டைப் அடிக்கிற வேலைக்கு அந்தக் கம்பெனியில் சேர்ந்தவள். நிரல் எழுதக் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் யார் எழுதிய நிரல் எங்கே கிடக்கிறது, எந்தக் குறையை யார் என்றைக்குச் சொன்னார்கள், அது சரியானதா இல்லையா என்பதெல்லாம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பள்ளி பஸ், லிஃப்ட் பராமரிப்பு, சலவைக் கடை, நூலகம், இன்னும் மூன்று என்று கம்பெனிக்கு ஏழு ப்ராஜெக்ட். ஏழுக்கும் அவள்தான் ஒழுங்கு பார்க்கிறவள். நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு ஆபீஸே அண்ணி என்றது. என்னை முதல் வருஷம் முதுகுக்குப் பின்னாலும் அதற்கப்புறம் முகத்துக்கு நேராகவும் நாத்தனார் என்றார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமைதான்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. மென்பொருளில் இருக்கிற குறையை நாங்கள் பக் என்போம். ஒரு பக்கைச் சரிசெய்த பிறகு, பட்டியலில் அதற்கு எதிரே 'முடிந்தது' என்று குறிப்பது ஒரு நொடி வேலை. எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான். அண்ணி செய்யமாட்டாள். அந்தக் குறையைச் சொன்ன ஆளுக்குப் போன் போடுவாள். சலவைக் கடைக்காரரோ லிஃப்ட் மெக்கானிக்கோ, யாராக இருந்தாலும் ஒரே ராகம், ஒரே தாளம்.

"வணக்கம். நீங்க சொன்ன குறை விஷயமா கூப்பிடறேன். இப்ப சரியா இருக்கா? பார்த்துட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கத்து ஆள் மூக்குக்கண்ணாடியைத் தேடி, கம்ப்யூட்டரைப் போட்டு, அது முனகி முனகி உயிர் வந்து, கடவுச்சொல்லை மறந்து, மனைவியைக் கேட்டு, உள்ளே போய்ப் பார்க்கும் வரைக்கும் இவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காத்திருப்பாள். "இடையில பாட்டு மட்டும்தான் போடலை அண்ணி" என்று கிண்டல் செய்வேன். சிரிக்கமாட்டாள். "சொன்னவங்க சரின்னு சொன்னாத்தானே சரி" என்பாள். எனக்குக் கோபம்தான் வரும். வேலைக்கு வேலை வைத்துக்கொள்கிறாளே என்று.

ஏனென்றால் அவளுக்கு உடம்பு முடியவில்லை. கர்ப்பப்பையில் கட்டி. மூன்று வருஷமாக மாதத்தில் பாதி நாள் உதிரம் போய்க்கொண்டே இருந்தது. ஆபீஸ் நாற்காலியில் நாலாக மடித்த கறுப்புத் துண்டைப் போட்டுத்தான் உட்காருவாள். மேஜை இழுப்பறையில் இரும்புச்சத்து மாத்திரை, ஒரு மாற்றுப் பாவாடை, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். இரண்டு மாடி ஏறினால் நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பு வாரைச் சரிசெய்கிறமாதிரி குனிந்து நிற்பாள். அந்த வார் அறுந்ததே இல்லை.

ஆபரேஷனை இரண்டு தடவை தள்ளிப்போட்டாகிவிட்டது. முதல் தடவை, லிஃப்ட் ப்ராஜெக்ட் வெளியாகிற வாரம் என்று மேனேஜர் கெஞ்சினார். இரண்டாவது தடவை என்னால். விஷக்காய்ச்சலில் நான் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த லீவையெல்லாம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே தீர்த்துவிட்டாள். மூன்றாவது தடவை தேதி கொடுக்கும்போது டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ரத்தம் ஏழுல இருக்கு. இதுக்கு மேல தள்ளினீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க." தேதி பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. அண்ணன் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் இழைக்கிறவன். பாவம், அந்த வட்டத்தைக்கூட லென்ஸ் மாதிரி சுத்தமாகத்தான் போட்டிருந்தான்.

அதற்கு முந்தின மாதம்தான் கம்பெனிக்கு ஞானோதயம் வந்தது. ஏழு ப்ராஜெக்டையும் ஒரே இடத்தில் ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார் மேனேஜர். நிரலைப் போட்டு வைக்கிற இடத்துக்கு ரெப்போ என்று பெயர். எங்கள் ரெப்போக்கள் இருந்த அழகைச் சொன்னால் சிரிப்பீர்கள். சலவைக் கடை ப்ராஜெக்டுக்கு மட்டும் நாலு பிரதி: 'கடைசி', 'கடைசி 2', 'இதுதான் கடைசி', 'சத்தியமா கடைசி'. உண்மையில் கடையில் ஓடிக்கொண்டிருந்தது 'கடைசி 2'. பக் பட்டியலோ அதைவிட மோசம். பள்ளி பஸ்ஸுக்கு ஒரு நீள நோட்டு, லிஃப்டுக்கு ஒரு எக்செல், சலவைக் கடைக்கு ஈமெயில். நூலக ப்ராஜெக்டின் பக் எல்லாம் ஒரே ஒரு மனிதரின் மண்டைக்குள் இருந்தன. அவர் லீவு போட்டால் அவையும் லீவு.

"நீங்கதான் மேடம் இதுக்கு ஆளு" என்று மேனேஜர் அந்தப் பொதியை அண்ணியின் தலையில் கட்டினார். "அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதிக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க. பதினெட்டுலேர்ந்து ஆறு வாரம் லீவு, நானே கையெழுத்துப் போடறேன்." முடிக்காவிட்டால் என்று அவர் சொல்லவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர், எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். நாங்களே புரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணி செய்தாள். நீள நோட்டை ஒவ்வொரு பக்கமாகத் தட்டெழுதினாள். நூலகக்காரரை எதிரே உட்காரவைத்து, பல் பிடுங்குகிற மாதிரி, அவர் மண்டையிலிருந்து ஒவ்வொரு குறையாக வெளியே எடுத்தாள். மாலை வீட்டுக்கு வந்ததும் கதவருகிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். செருப்பைக் கழற்ற ஐந்து நிமிஷம் ஆகும். அவளைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கால் வலித்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஏழு பட்டியலும் ஒன்று என்கிற எண்ணில்தான் ஆரம்பிக்கும். ஆகவே 212 என்றால் ஏழு வீட்டில் ஏழு 212. ஒரே பட்டியலாகும்போது எல்லாவற்றுக்கும் புது எண் கொடுத்தாக வேண்டும். கொடுத்தாள். பழைய எண்ணை ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாகக் குறித்தும் வைத்தாள். மீட்டிங்கில் கேட்கவும் கேட்டாள், "எண் மாறுது, யாருக்காவது இதனால தொந்தரவு இருக்கா?" என்று. செவிடன் காதில் ஊதிய சங்குதான். எல்லோரும் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

நாலாம் தேதி திங்கட்கிழமை புதுப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. ஒன்பதாயிரத்து நானூற்றுச் சொச்சம் பக், ஒரே வரிசையில். மேனேஜர் கைதட்டினார். அண்ணி எழுந்து நிற்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு மூன்றாம் நாள்.

ஆறாம் தேதி, புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் லிஃப்ட் ப்ராஜெக்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நிரலில் ஒரு மாற்றத்துக்குப் பக்கத்தில் '88ஆம் குறைக்காக' என்று ஒரு புரோகிராமர் எப்போதோ குறிப்பு எழுதியிருந்தார். அந்த எண்ணைத் தொட்டால் பட்டியலில் அந்தக் குறை திறக்கும். திறந்தது. 'சலவைக் கடை: சட்டைப் படம் வெளிறித் தெரிகிறது' என்றது.

லிஃப்டுக்குள் எப்படிச் சட்டை வந்தது என்று முதலில் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. நிரலுக்குள் புரோகிராமர்கள் இப்படி ஆயிரம் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். 'இந்த வரி ஏன் என்று தெரிய 212 பார்க்கவும்', 'இதைத் தொடாதே, 640 பார்க்கவும்'. எல்லாம் பழைய எண். பட்டியல் மாறிவிட்டது, குறிப்புகள் மாறவில்லை. இனிமேல் அவற்றை நம்பி யார் தேடிப் போனாலும் வேறு யார் வீட்டுக் கதவையோதான் தட்டுவார்கள்.

அண்ணிக்கு ஏன் இது தோன்றவில்லை என்பது எனக்கு உடனே புரிந்தது. அவள் எந்த எண்ணையும் தேடிப் பார்த்ததே இல்லை. 212 என்றால் என்ன, 640 என்றால் என்ன என்று அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்கு வழி தெரிந்தவளுக்குத் தெருப்பலகை எதற்கு? தெருப்பலகையை நம்பி நடக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

புது பக் பதிகிற படிவத்தைத் திறந்தேன். தலைப்புகூட அடித்துவிட்டேன்: 'நிரலுக்குள் இருக்கும் எண்கள் எல்லாம் தவறான இடத்துக்குப் போகின்றன.' அடித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர் மேஜையில் அண்ணி, கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, மடித்த கைமேல் தலை வைத்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. இதைப் பதிந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு வரிசையாகத் தெரிந்தது. மேனேஜர் வருவார். "ஒரு ரெண்டு வாரம் மட்டும் மேடம்" என்பார். அண்ணி "சரி" என்பாள். பத்தொன்பதாம் தேதி காலண்டரிலேயே இருந்துவிடும்.

படிவத்தை மூடினேன். அடித்ததைச் சேமிக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன்.

ஆறு வாரத்தில் குடியா முழுகிப் போய்விடும்? அவள் திரும்பி வந்ததும் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒன்பது வருஷம் சர்க்கரையிலும் உப்பிலும் குறை சொன்ன வாய்க்கு, ஒரே ஒரு தடவை கண்ட குறையை விழுங்கியது பெரிய தியாகம்போல இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் போட்ட டீயை ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பள்ளி பஸ் ப்ராஜெக்டுக்குப் புதிதாக ஒரு புரோகிராமர் வந்திருந்தார். நாற்பது வயது மனிதர், நிதானமானவர். பழைய நிரலில் வேண்டாத வரிகளைப் பெருக்கித் தள்ளுவதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. அதனால் துடைப்பம் என்று பெயர் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை அவர் கண்ணில் ஒரு வரி பட்டது. பக்கத்தில் குறிப்பு: 'எடுக்காதே, 212 பார்க்கவும்.' சோம்பேறியாக இருந்தால் அப்படியே விட்டிருப்பார். அவர் பொறுப்பான ஆள், ஆகவே போய்ப் பார்த்தார். புது 212, சலவைக் கடையில் பொத்தானின் நிறம் பற்றியது, என்றைக்கோ முடிந்தது. பொத்தானின் நிறத்துக்கும் பள்ளி பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? வரியை எடுத்துவிட்டார். திங்கட்கிழமை அது எல்லாப் பள்ளி பஸ்ஸுக்கும் போய்ச் சேர்ந்தது.

பழைய 212 என்னவென்று அண்ணியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். பஸ்ஸில் பிள்ளைகள் இறங்க இறங்க, உதவியாளரின் கையிலுள்ள கருவி எண்ணிக்கொண்டே வரும். பிள்ளைகளைப் பெற்றோரின் போன் நம்பரை வைத்துத்தான் அது அடையாளம் காணும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் நம்பர் ஒன்றுதான். ஒருவர் இறங்கினாலே இருவரும் இறங்கியதாகக் கணக்கு வைத்துவிடும். அப்படி ஆகாமல் காவல் நின்றது அந்த ஒரு வரி.

பதினாலாம் தேதி வியாழக்கிழமை, ஒரு பையன் நீச்சல் வகுப்புக்காக இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டான். அவன் தங்கை, நாலு வயது, பின்சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கருவி 'மீதி யாரும் இல்லை' என்றது. அம்மாவுக்கு 'உங்கள் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள்' என்று செய்தி போனது. தங்கையும் அண்ணனோடு நீச்சல் பார்க்க இறங்கிவிட்டாள் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். உதவியாளர் கருவியை நம்பினார், டிரைவர் உதவியாளரை நம்பினார். பஸ்ஸைப் பணிமனையில் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

நாற்பது நிமிஷம். வெயிலில் நின்ற பூட்டிய பஸ்ஸில். கழுவுவதற்குத் தண்ணீர்க் குழாயோடு வந்த அம்மாள் ஜன்னலில் இரண்டு சின்னக் கை தெரிவதைப் பார்த்திருக்கிறார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வேர்த்து, குரல் போய், அழக்கூட முடியாமல் இருந்தாளாம்.

மறுநாள் காலை மீட்டிங். துடைப்பம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "நான் பார்த்துட்டுத்தான் எடுத்தேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "212ஐப் பார்த்துட்டுத்தான் எடுத்தேன்."

"212தானே? அது கூடப்பிறந்த பிள்ளைங்க…" என்று ஆரம்பித்த அண்ணி பாதியில் நின்றாள். முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் வடிந்ததை நான் பார்த்தேன். "ஐயோ" என்றாள். "எண் மாறிடுச்சே."

நிரல் முழுக்க அந்தமாதிரி எத்தனை குறிப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு. ஒவ்வொன்றையும் ஆள் உட்கார்ந்து, எந்தப் பட்டியலின் எண் என்று கண்டுபிடித்து, மாற்றி எழுத வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. மேனேஜர் அண்ணியைப் பார்த்து, பிறகு மேஜையைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், உங்க ஆபரேஷன் ரொம்ப அவசரமா? ஒரு ரெண்டு வாரம் மட்டும்…"

"தள்ளி வச்சுடறேன் சார். தப்பு என்னோடதுதானே."

"முடியாது" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "அண்ணி செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. நான் மாத்தறேன், ஆயிரத்து முந்நூத்து நாப்பத்தேழையும். ராப்பகலா உக்காந்தாவது."

"உனக்கு எது எந்த எண்ணுன்னு எப்படித் தெரியும்?" என்றார் மேனேஜர்.

"மூலையில பழைய எண் குறிச்சு வச்சிருக்காங்க. தேடி எடுத்துக்கறேன்."

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "சரி. முதல்ல பக் பதி. டெஸ்டர் பதிஞ்சாத்தான் முறை" என்றாள். அவளுக்கு எதிலும் முறை வேண்டும். வீடு பற்றி எரிந்தாலும் தீயின் பெயரில் ஒரு பக் பதிந்துவிட்டுத்தான் தண்ணீர் தேடுவாள்.

என் மேஜையில் உட்கார்ந்தேன். அவள் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன குறை, எழுதினேன். எந்த ப்ராஜெக்ட், ஏழும். கண்டவர் யார், என் பெயர். அடுத்த கட்டம்: முதலில் கண்ட நாள்.

பதினாலு என்று போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் மட்டும் பின்னால் நிற்காமல் இருந்திருந்தால் போட்டிருப்பேனோ என்னவோ, சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆறு என்று அடித்தேன்.

"ஆறா?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"ஆறாந்தேதியே பார்த்தியா?"

"ஆமா. லிஃப்ட்ல பார்த்தேன்."

"ஏன் பதியலை?"

"பதிஞ்சா உங்க லீவு போயிருக்கும்."

திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆபீஸில் மற்றவர் காதில் விழாத குரலில் சொன்னாள்: "ஒன்பது வருஷமா நான் செய்யறதுல எல்லாம் குறை சொன்னே. ஒரு நாளாவது நான் முகம் சுளிச்சிருக்கேனா? இவ ஒருத்தி இருக்கா, எதுவா இருந்தாலும் சொல்லிடுவாங்கிற தைரியத்துலதானே நான் வேலை பார்த்தேன்."

திட்டியிருக்கலாம், ஒரு அறை கொடுத்திருக்கலாம். அவள் ஒன்றும் செய்யாமல் சுவரைப் பிடித்து நடந்து தன் இடத்துக்குப் போய், போனை எடுத்து அந்தக் குழந்தையின் அம்மாவுக்குப் போட்டாள். ஒலிபெருக்கியில் போடவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது.

"எங்க தப்புதாம்மா" என்றாள் அண்ணி. சுற்றிவளைக்கவில்லை.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம். "ராத்திரி பூரா கையை விடலைங்க" என்றார். "இன்னிக்குக் காலையில பஸ் ஹாரன் கேட்டதும் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டா. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியலைம்மா. எங்களால சரிபண்ண முடிஞ்சதைச் சரிபண்ணிட்டு, நானே கூப்பிடறேன்" என்றாள் அண்ணி.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் நடந்ததைச் சொன்னேன். "நல்லதுக்குத்தானே செஞ்சே" என்றான். நல்லவன் சொல்கிற ஆறுதலும் சில சமயம் எரிச்சலாக இருக்கிறது.

அப்புறம் ஐந்து வாரம். நானும் துடைப்பமும் ஒரே மேஜையில் எதிரெதிரே. நான் பழைய எண்ணைத் தேடிப் புது எண்ணைச் சொல்வேன். அவர் மாற்றி எழுதுவார். நாளைக்கு அறுபது, உடம்பு ஒத்துழைத்தால் எழுபது. நானூறைத் தாண்டுவதற்குள் கண் எரிய ஆரம்பித்துவிட்டது. எண்ணூறு வாக்கில் எதற்காக இதைச் செய்கிறோம் என்பதே மறந்து கை மட்டும் ஓடியது. ஒவ்வொரு குறையையும் திறக்கும்போது கீழே அண்ணி எழுதிய வரி இருக்கும்: 'போன் செய்தேன். சரியாக இருக்கிறதாம்.' தேதி, நேரம். ஆயிரம் தடவைக்கு மேல் அந்த வரியைப் படித்தேன். கிண்டல் செய்ததெல்லாம் நினைவு வந்து நினைவு வந்து, கடைசியில் அதற்கும் அலுத்துப்போயிற்று.

பக்கைத் திறந்தால் 'முதலில் கண்ட நாள்' எல்லோருக்கும் தெரியும். துடைப்பமும் பார்த்திருப்பார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. ஒருமுறை மட்டும், ஒரு குறிப்பைப் படித்துவிட்டு, "நீங்களும் நல்லது நினைச்சுத்தான் செஞ்சீங்க, நானும் நல்லது நினைச்சுத்தான் செஞ்சேன்" என்றார். ஆபீஸில் அதற்குப் பிறகு யாரும் என்னை நாத்தனார் என்று கூப்பிடவில்லை. அந்தப் பட்டம் போனதில் எனக்கு இவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவில்லை.

வீட்டில் இப்போது டீ போடுவது நான். ஆபீஸிலிருந்து வந்ததும் கீழே போய்ப் போட்டுக் கட்டிலுக்குக் கொண்டுபோவேன். அண்ணி எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டு குடிப்பாள். "வலி எப்படி இருக்கு?" என்பேன். "பரவாயில்லை" என்பாள். "எத்தனை ஆச்சு?" என்பாள். "தொள்ளாயிரத்துப் பத்து" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. சர்க்கரை கூட என்றோ குறைச்சல் என்றோ ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று இருக்கும். சொல்லமாட்டாள். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடி ஏறுவேன்.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தேழாவது குறிப்பு முடிந்தது. துடைப்பம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என் பக்கில் 'சரிசெய்தாயிற்று, முடிக்கலாம்' என்று குறித்தேன். குறித்தால் அண்ணிக்குச் செய்தி போகும். அவள் லீவில் இருக்கிறாள், யாராவது பார்த்து முடித்துவைப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

கால் மணி நேரத்தில் என் மேஜைப் போன் அடித்தது. எடுத்தேன்.

"வணக்கம்" என்றது அண்ணியின் குரல். "நீங்க சொன்ன குறை விஷயமா கூப்பிடறேன்."

கட்டிலில் இருந்துதான் பேசுகிறாள். பின்னால் எங்கள் வீட்டு மின்விசிறி கடக்கடக்கென்று ஆடுகிற சத்தம் கேட்டது. காலையில்தான் பார்த்துவிட்டு வந்தேன். சாயங்காலம் போய் டீ கொடுக்கப் போகிறேன். அதுவரை அவளால் பொறுக்க முடியாது. குறை சொன்னவளைக் கேட்காமல் அவள் எதையும் முடிக்கமாட்டாள்.

"சொல்லுங்க அண்ணி" என்றேன்.

"முதல்ல அந்தம்மாவைக் கூப்பிட்டேன். பொண்ணு போன வாரத்துலேர்ந்து பஸ்ல போறாளாம். ஆனா டிரைவருக்குப் பக்கத்து சீட்டுலதான் உக்காருவாளாம், பின்னாடி போகமாட்டாளாம்." அடுத்து என் முறை. "நீங்க சொல்லுங்க. இப்ப சரியா இருக்கா?"

எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்திருந்தேன். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்திருக்கலாம். முன்னால் திரையில் என் பக் திறந்தே இருந்தது. கண்டவர், என் பெயர். முதலில் கண்ட நாள், ஆறு. அந்தக் கட்டத்தை மட்டும் இனிமேல் யாராலும் மாற்ற முடியாது.

"எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணி" என்றேன். "நான்தான்… நான்தான் இன்னும்…"

அந்தப் பக்கம் மின்விசிறி ஆடிக்கொண்டிருந்தது. அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அவசரமில்லை" என்றாள். "பார்த்துட்டுச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."